மடியில் கொடுத்த பை

என் மகளின் காதைத் திருடிக்கொண்டு போனவள், என் பக்கத்தில் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில் பத்திரிகைக்குச் சாட்சி கேட்ட ஃபாதர், "நல்ல விதமா ஆரம்பிச்சு எழுதும்மா" என்று சொன்னார். எனக்கு நல்ல விதமாக ஆரம்பிக்க வரவில்லை. நடந்தது இப்படித்தான் ஆரம்பித்தது.

நான் பிலோமினா. பட்டினப்பாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறேன். வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். எங்களுக்கு ஒரே பெண், ஜெனி. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. ஒரு தீபாவளி அன்று, பக்கத்திலேயே வெடி வெடித்தும் அவள் திரும்பிப் பார்க்காமல் மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நாலு வயதில் அரசாங்கத் திட்டத்தில் அவளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்ட வெளியே ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு வயர் போகும். வயரின் முனையில் சின்ன வட்டம், அது காந்தம் மாதிரி தலையில் ஒட்டிக்கொள்ளும். மாட்டினால் கேட்கும். கழற்றினால் ஒன்றும் கேட்காது. ஆபரேஷன் முடிந்தும் உடனே பேச்சு வந்துவிடாது. வாரம் இரண்டு நாள் கே.கே. நகரில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். ஒரு வருஷம் கழித்து "ம்மா" என்றாள். அதற்குப் பிறகு "ப்பா".

அந்தச் சந்தோஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் நம் அந்தோனியார் கோயில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். உங்களில் பலபேர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். அந்தோனியார் செய்த நன்மையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. மெஷின் பல லட்ச ரூபாய் பெறும் என்று சொன்னேன். பஸ் கூட்டத்தில் அந்த வட்டம் கழன்று விழுந்துவிடும் என்பதால், ஏறும் முன்பே கழற்றி டப்பாவில் போட்டு இந்தப் பையில்தான் வைப்பேன் என்று சொன்னேன். சொன்னதோடு விடவில்லை, தோளில் இருந்த நீலப் பையைத் தூக்கியும் காட்டினேன். எல்லாரும் கை தட்டினீர்கள். என்ன பொருள், எவ்வளவு பெறும், எங்கே வைத்திருக்கிறேன், எந்த நாள் எந்த ஊருக்குப் போகிறேன் என்று ஒரு திருடிக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அத்தனையும் நானே மைக்கில் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ரெஜினா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கையில் மர ஜெபமாலை. "நீ சாட்சி சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துட்ச்சி பிலோ" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

கே.கே. நகரில் தனக்கு வீட்டு வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி, எங்களோடு பஸ்ஸிலும் வர ஆரம்பித்தாள். பட்டினப்பாக்கத்தில் ஏறி, தி.நகரில் மாறி, கே.கே. நகர் போக வேண்டும். நம் ஊர் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆனாலும் கொடுப்போம், வாங்குவோம். என் பையை மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். குளித்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் கிளம்புவேன். ஆனாலும் மீன் வாசனை போகாது. நான் பையை நீட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே, "கீழ வச்சுக்கோம்மா, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்றாள்.

ரெஜினா முதல் நாளே கையை நீட்டினாள். "குடு பிலோ, நான் வச்சிக்கறேன். மீன் துன்றதுக்கு மட்டும் நல்லா கீது, விக்கிறவ பை மட்டும் நாறுதாமா இவங்களுக்கு?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவளுக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

ஜெனியையும் மடியில் வைத்துக்கொள்வாள். முறைப்படி பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். பேச்சுப் பயிற்சி டீச்சர், "அவ்வளவு பெரிய வார்த்தை இப்ப வராது. அத்தன்னு சொல்லிப் பழக்குங்க" என்றார். ரெஜினாதான் வாயைத் திறந்து காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். என் மகளுக்கு வந்த மூன்றாவது வார்த்தை "அத்த". அந்த வார்த்தை வந்த அன்றைக்கு அவளுக்கு வஞ்சிர மீன் வறுத்து எடுத்துப் போனேன்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம், முதல் வியாழக்கிழமை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பஸ்ஸில் ரெஜினாவுக்கு முன் கதவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. வழக்கம்போல் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மந்தைவெளியில் ஒரு கூட்டம் ஏறியது, லஸ்ஸில் இன்னொரு கூட்டம். என்னையும் ஜெனியையும் நடுவுக்குத் தள்ளிவிட்டார்கள். தலைகளுக்கு நடுவில் ரெஜினாவின் கொண்டை மட்டும் தெரிந்தது. தேனாம்பேட்டையில் பார்த்தபோதும் தெரிந்தது. தி.நகரில் கூட்டம் இறங்கிய பிறகு பார்த்தால், அந்த இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க உக்காந்துனு இருந்த அக்கா எங்க?"

"அவங்க ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே எறங்கிட்டாங்களே."

"பை?"

"நீலக் கலர் பையா? தோள்ல மாட்டிக்கினுதான் போனாங்க."

அப்போதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. கூட்டம் தள்ளி இறக்கிவிட்டிருக்கும், அக்கா பாவம் பயந்துபோயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். ஜெனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த ஸ்டாப்புக்கு ஓடினேன். அவள் இல்லை. போன் போட்டேன். இரண்டு தடவை மணி அடித்தது. மூன்றாம் தடவை அணைத்துவிட்டாள். வெயிலில் மூன்று மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு பஸ் வரும்போதும் எட்டிப் பார்த்தேன். சைதாப்பேட்டை என்று சொல்லியிருந்தாள். எந்தத் தெரு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஜெபமாலை வைத்திருக்கிறவளிடம் விலாசம் எதற்கு?

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த ஏட்டு, "நீயே உன் கையால குடுத்துட்டு திருட்டுன்றியேம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீச்சரிடம் போனேன். "அந்த மெஷின் ஜெனியோட தலைக்குள்ள இருக்கிற கருவிக்குன்னு செட் பண்ணினது. வேற யாருக்கும் அது வேலை செய்யாது. இன்னொண்ணு சுலபத்துல கிடைக்காது. நாள் போகப் போக அவ வந்த பேச்சையும் விட்டுடுவா, பிலோமினா" என்றார்.

விட்டுவிட்டாள். ஒரே வாரத்தில் "ம்மா" போனது. நான் வாயை அசைத்துக் காட்டினால் என் உதட்டைக் கையால் தொட்டுப் பார்த்தாள். தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்துக் கேட்டாள். என்ன சொல்வது? அத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று கையால் எப்படிச் சொல்வது?

கோயிலுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா, பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும், என்னைப் பார்த்து, "சாட்சி சொன்ன வாயி மூடறதுக்குள்ள பறிபோச்சுன்னா உன்னாண்ட ஏதோ குறை கீதும்மா. நல்லா யோசிச்சுப் பாரு" என்றார். திருடினவள் எங்கேயோ நிம்மதியாக இருக்கிறாள், திருட்டுக் கொடுத்தவள் நான் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமாம். அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டதே அந்தோனியார் செய்த பெரிய புதுமை.

அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றேன். முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டேதான் கேட்டேன். "காணாம போனதத் தேடிக் குடுக்கறவருன்னு சொல்றாங்க. இது காணாம போகல. உன் கோயில்ல உக்காந்து, உன் ஜெபத்தச் சொன்னவ எடுத்துக்கினு போனா. உன் நன்மையச் சொல்லப் போயிதான் நான் மாட்டிக்கினேன். அப்ப இது உன் பொறுப்பு. நீதான் கொண்டாரணும்." இதுதான் என் ஜெபம். இதில் ஒரு வார்த்தைகூட மரியாதையாக இல்லை. அப்படியே எழுதுகிறேன்.

பிறகு ஒரு தாள் வாங்கி அந்தோனியாருக்கு விண்ணப்பம் எழுதினேன். அதில் மெஷின் திரும்பி வர வேண்டும் என்று எழுதவில்லை. "ரெஜினாவின் கை விளங்காமல் போக வேண்டும்" என்று எழுதினேன். மடித்து விண்ணப்பப் பெட்டியில் போட்டேன். நம் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாதத்தின் கடைசிச் செவ்வாய் அன்றுதான் பெட்டியைத் திறப்பார்கள். தாள்களை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. கூடையில் கொட்டி, பீடத்தில் வைத்து ஜெபித்துவிட்டு, பின்னால் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள்.

தினமும் காலை வியாபாரம் முடிந்ததும் ஜெனியைக் கூட்டிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனேன். சந்தையில் தேடினேன், ரயில்வே ஸ்டேஷனில் தேடினேன். பிறகு யோசித்தேன். திருடி வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டாள், கூட்டம் இருக்கிற பஸ்ஸில்தான் இருப்பாள். சைதாப்பேட்டையிலிருந்து தி.நகர், தி.நகரிலிருந்து சைதாப்பேட்டை என்று போகிற வருகிற பஸ்ஸில் எல்லாம் ஏறி இறங்கினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் முடிந்தது. கண்டக்டர்களுக்கே என் முகம் பழகிவிட்டது. "இன்னாமா, இன்னிக்கு எத்தினாவது ட்ரிப்பு?" என்று ஒருவர் கிண்டல் செய்தார். விஷயத்தைச் சொன்னதும், "கெடச்சா ஒரு குரல் குடும்மா, வண்டிய நேரா ஸ்டேஷனுக்கே வுடச் சொல்றேன்" என்றார்.

பத்தொன்பதாம் நாள். ஆகஸ்ட் மாதத்தின் கடைசிச் செவ்வாய். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. பொம்மை, பூ, எருக்கம் மாலை வாங்க தி.நகருக்குக் கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. மத்தியானம் சைதாப்பேட்டையில் அதே கண்டக்டரின் வண்டியில் ஏறினேன். ஜெனி என் கையை உதறிவிட்டு ஆட்களின் கால்களுக்கு நடுவில் நுழைந்து முன்னால் போனாள். நான் பதறிப்போனேன். கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது.

அப்போது பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"அத்த!"

பத்து நாளுக்கு மேல் ஒரு சத்தமும் வராத வாயிலிருந்து வந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். ரெஜினா உட்கார்ந்திருந்தாள். மடியில் யார் யாரோ கொடுத்த மூன்று பைகள். அந்தப் பைகளின் மேல் ஏறி, ஜெனி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண், "இன்னா பாசம் பாரு கொழந்திக்கு!" என்று சிரித்தாள். ரெஜினாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அத்தனை நாள் என்னை ஒரு வார்த்தை கூப்பிடாத என் பெண் அவளைக் கூப்பிட்டாள். அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. கொலைவெறி. அவள் கொண்டையைப் பிடித்தேன்.

"இவளாண்ட பை குடுத்தவங்கள்ளாம் வாங்கிக்கங்க! இவ திருடி! என் கொழந்தயோட காத எட்துக்கினு போனவ!"

மூன்று பைகளையும் மூன்று கைகள் பிடுங்கிக்கொண்டன. ஒருத்தி அங்கேயே ஜிப்பைத் திறந்து பார்த்தாள். "ஐயோ, என் பர்ஸு!" என்று கத்தினாள். அது ரெஜினாவின் முந்தானைக்குள் இருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். "கதவுகிட்ட யாரும் எறங்கக் கூடாது. அண்ணே, வண்டிய ஸ்டேஷனுக்கு வுடு!" என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தவர்கள்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ரெஜினா என் காலைப் பிடித்தாள். "அது என்னாண்ட இல்ல பிலோ. எவனும் வாங்கல. இது அந்தக் கொழந்தி தலைக்கு மட்டும்தான் வேல செய்யும்னு காது மெஷின் கடக்காரன் சொல்லிட்டான். கோயில்லயே போட்டுட்டேன். விண்ணப்பப் பெட்டியில."

"என்னாண்ட குடுக்க வேண்டியதுதானடி!"

"உன் மூஞ்சியப் பாக்க பயமா இருந்திச்சி. அந்தோனியார் மூஞ்சியப் பாக்க அவ்ளோ பயமா இல்ல."

ஸ்டேஷனில் எழுதி வாங்கி முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. இவள்மேல் இதேபோல் வேறு புகார்களும் இருந்தன. பையை மடியில் வாங்கித் துழாவுவதுதான் அவள் தொழிலாம். எனக்கு அதைக் கேட்க நேரமில்லை. அன்றைக்குக் கடைசிச் செவ்வாய். பெட்டியைத் திறந்துவிடுவார்கள், தாளோடு தாளாக மெஷினையும் நெருப்பில் போட்டுவிடுவார்கள். ஆட்டோ பிடித்து கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது, ஃபாதருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் கூடையைத் தூக்கிக்கொண்டு பீடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கூடைக்குள் கையை விட்டேன்.

"இன்னாமா பண்ற? மத்தவங்க விண்ணப்பம்மா அது!" என்று கத்தினார்.

தாள்களைத் தரையில் கொட்டினேன். உங்கள் விண்ணப்பங்களும் அதில் இருந்திருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் நான் படிக்கவில்லை. குவியலுக்குள் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. பிரித்தால் மெஷின். வயரோடு, வட்டத்தோடு அப்படியே இருந்தது. டப்பா இல்லை. முடிச்சோடு ஒட்டிக்கொண்டு, நாலாக மடித்த ஒரு தாளும் வந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவள் கை விளங்காமல் போக வேண்டும் என்று நான் எழுதியது. அந்தக் கைதான் மெஷினை அங்கே கொண்டுவந்து போட்டிருந்தது. எத்தனை நாள் அங்கே இருந்ததோ தெரியாது. கோயிலுக்கு வரும்போதெல்லாம் நான் அந்தப் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் நின்று அந்தோனியாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடுமுறை. வியாழக்கிழமை கே.கே. நகர் போனோம். டீச்சர் புது பேட்டரி போட்டு, கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்து, ஜெனிக்கு மாட்டிவிட்டார். அங்கே ஒரு பயிற்சி உண்டு. சத்தம் கேட்டால் குழந்தை ஒரு வளையத்தை எடுத்துக் குச்சியில் போட வேண்டும். ஜெனி வளையத்தைக் கையில் பிடித்து உட்கார்ந்தாள். டீச்சர் அவளுக்குப் பின்னால் போய் மேளத்தைத் தட்டினார். ஜெனி அசையவில்லை. இரண்டாம் தடவை தட்டினார். கண்ணை அகலத் திறந்தாள். வளையத்தைக் குச்சியில் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "ம்மா" என்றாள். நான் அங்கேயே தரையில் விழுந்து அழுதேன். இந்தத் தடவை முழங்கால் தானாகவே மடங்கியது.

இது புதுமைதான், அற்புதம்தான். நான் மரியாதையாகக் கேட்கவில்லை, நம்பிக்கையோடும் கேட்கவில்லை, சாபம்தான் போட்டேன். அப்படியும் கிடைத்தது. இதற்கு நான் உயிர் உள்ளவரை நன்றி சொல்லுவேன்.

ரெஜினாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன், அது பொய். என் பையை யாரும் தொடாதபோது தொட்டவள் அவள். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. வேறு யாரோ ஒரு பிக்பாக்கெட் அடித்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். அவள் சொன்ன ஜெபமாலை நடிப்பா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நடிப்பென்றால் எதற்குக் குப்பைத்தொட்டியில் போடாமல் கோயிலுக்குக் கொண்டுவந்தாள்? நிஜமென்றால் எதற்கு எடுத்தாள்? என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அன்றைக்குக் கீழே கொட்டிய தாள்களை எல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டேன். என் தாளை மட்டும் போடவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து மீன் கழுவுகிற தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்தேன்.

இப்போது மெஷினைப் பையில் வைப்பதில்லை. கழுத்தில் மாட்டுகிற துணிப்பை ஒன்று தைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். பஸ்ஸில் மடியில் கொடுக்கிற பையில் சாப்பாடு இருக்கட்டும், துணி இருக்கட்டும். போனால் உயிர் போகிற பொருள் உங்கள் உடம்போடு இருக்கட்டும். கொடுத்த பையைவிட்டு நகராதீர்கள். கூட்டம் தள்ளினால் வெட்கப்படாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சி சொல்லும்போது கடவுளின் நன்மையைச் சொல்லுங்கள், பொருளின் விலையையும் அதை வைத்திருக்கிற இடத்தையும் சொல்லாதீர்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

எனக்கு உட்கார இடம் கிடைத்தால் நிற்கிறவர்களிடம் கையை நீட்டுகிறேன். "எந்த ஸ்டாப்பு?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் இறங்கும்வரை நான் எழுந்திருப்பதில்லை. சிலர் மீன் வாசனைக்குத் தயங்குகிறார்கள். சிலர் கொடுக்கிறார்கள்.

ஜெனிக்கு இப்போது இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வருகிறது. முதன்முதலில் சேர்த்துச் சொன்னது பஸ்ஸில்தான். ஜன்னலோரம் காலியாக இருந்த சீட்டைக் காட்டி, "அத்த எங்க?" என்றாள். அந்தக் கேள்வியையும் அந்தோனியாரிடம்தான் கொண்டுபோயிருக்கிறேன். உங்களுக்கும் மனசு கொதித்தால் கொதிப்போடவே அவரிடம் வாருங்கள். நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்க வேண்டாம். என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை, உங்களையும் அனுப்ப மாட்டார்.